விடுதலைப் பத்திரம்: லிபர்டேரியன் கோட்பாடும் செங்கல்பட்டும்

'லிபர்டேரியன்' என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. 'சுதந்திரவாதி' என்றால் பழைய காங்கிரஸ்காரர் நினைவுக்கு வருகிறார். 'தாராளவாதி' வேறொரு கட்சிக்குப் போய்விட்டது. 'விடுதலைவாதி' என்று எழுதினால் எதிலிருந்து விடுதலை, யாரிடமிருந்து என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படிக் கேட்பது நல்லதுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான்.

வரி கட்ட விரும்பாத அமெரிக்க முதலாளியின் தத்துவம் என்றே நம் நண்பர்களில் பலர் இதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். சொல்லின் பிறப்பு அப்படியல்ல. 1857இல் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சுத் தொழிலாளி, சுவர்களுக்குக் காகிதம் ஒட்டிப் பிழைத்தவர், நாடு கடந்து அமெரிக்காவில் இருந்தபோது புரூதோனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சொத்து என்பதே திருட்டு என்று 1840இல் அறிவித்த அதே புரூதோன்தான். முதலாளிக்கு எதிராகவும் அரசுக்கு எதிராகவும் அவ்வளவு பேசியவர், பெண் விஷயம் வந்ததும் அவள் இடம் அடுப்பங்கரை என்று சொல்லிவிட்டார். இதைத்தான் தெஜாக் பிடித்துக்கொண்டார். பட்டறையில் எஜமானன் கூடாது, வீட்டில் மட்டும் இருக்கலாம் என்றால் நீர் பாதி வழியில் நிற்கிறவர், லிபர்டேரியன் அல்ல என்பது அவர் வாதம். அந்தச் சொல் அரசியல் பொருளோடு புழக்கத்துக்கு வந்தது அங்கேதான். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அதே பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். தடையற்ற சந்தை பேசும் அமெரிக்கர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது 1950களில், சுமார் நூறு ஆண்டு கழித்து. ஆக, வீட்டுக்குள் நடக்கும் அதிகாரம் பற்றிய சண்டையில் பிறந்த சொல் இது. அது மறக்கப்பட்டுவிட்டது.

கோட்பாட்டைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஒருவருடைய உடல், உழைப்பு, உறவு மூன்றும் அவருடையவை, அவர் சம்மதம் இல்லாமல் அவற்றில் பிறர் கை வைக்கக்கூடாது. கேட்க எளிமையாக இருக்கிறது. 'சம்மதம்' என்ற ஒரே வார்த்தையில்தான் எல்லா வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது.

நான் வசிப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். மின்ரயிலில் ஏறினால் நடுவில் பரனூர், அடுத்தது செங்கல்பட்டு. அந்தச் செங்கல்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். (சென்னையில் பாண்டி பஜாருக்குப் போய்த் துணி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது இவர் பெயர் என்று தெரியும்?) மாநாட்டுத் தீர்மானங்களைச் சாதி ஒழிப்பு, பெண்ணுரிமை என்று தனித்தனியாகப் பிரித்துப் படிக்கவே நமக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. ஒரே பட்டியலாகப் படித்துப் பாருங்கள். சாதிப் பட்டத்தை விடுவது, சாதி பாராமல் துணையைத் தேர்ந்துகொள்வது, பெண்ணின் மணவயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்பது, ஒத்துவராத மணத்திலிருந்து விலகும் உரிமை, கைம்பெண் மறுமணம், பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை, வாரிசுரிமை, எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை. அறமும் பொருளாதாரமும் உறவும் ஒரே பந்தலில், ஒரே மூச்சில் பேசப்பட்டிருக்கின்றன. சேர்வதற்கு உரிமை வேண்டும், விலகுவதற்கும் வேண்டும். விலகியபின் நிற்பதற்குத் தரை வேண்டும். கூடியிருந்த யாரும் லிபர்டேரியன் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். தெஜாக் கேட்ட முழு வழி இந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே என் கட்சி.

அரசிடம் சட்டம் கேட்டவர்கள் எப்படி லிபர்டேரியன் ஆவார்கள் என்று கேட்கலாம். மேற்கத்தியர்களுக்கு அதிகாரம் என்றால் முதலில் அரசு. இங்கே ஒருவர் யாரைக் கட்டுவது, எங்கே குடியிருப்பது, எந்தக் கிணற்றில் இறைப்பது என்பதையெல்லாம் தீர்மானித்தது ஊர். கோட்டையில் இருக்கிற அரசைவிடப் பக்கத்தில் இருக்கிற அரசு அது.

இந்த மாவட்டமே அதற்குச் சாட்சி. மிராசு முறை ஆழ வேரோடிய மண் இது. அடிமை உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கக்கூடாது என்று 1843இலேயே சட்டம் வந்துவிட்டது. காகிதத்தில் எல்லோரும் சுதந்திரமான கூலிகள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை வேறு கதை சொல்கிறது. சேரி நிற்கும் மனை வரை மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். வேலையை விட்டுப் போகலாம், யாரும் சங்கிலி போட்டு வைக்கவில்லை. போனால் குடிசையும் போகும். இப்படி இருக்கும்போது அந்தப் பண்ணையாள் சம்மதித்துத்தான் ஏர் பிடித்தார் என்று சொல்வதற்கு என்ன பொருள்? சம்மதத்தின் மதிப்பை, 'மாட்டேன்' என்று சொன்னால் என்ன இழக்க வேண்டியிருக்கும் என்பதை வைத்துத்தான் அளக்க முடியும். ஒப்பந்தத்தைப் புனிதமாக்கும் சந்தைவாதிகள் இந்த அளவுகோலைக் கையில் எடுப்பதே இல்லை.

அந்த அறிக்கையை ஒட்டி 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. சொத்தைத் தன் விருப்பப்படி விற்கும் சுதந்திரத்தில் இது கைவைக்கிறதே என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் அந்த நிலத்தை வாங்கி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு அவர்கள் ஆளையே காட்டலாம். ராபர்ட் நோசிக் 1974இல் எழுதியதில் நியாயமான உடைமைக்கு மூன்று விதி இருக்கிறது: நியாயமாக அடைந்திருக்க வேண்டும், நியாயமாகக் கைமாறியிருக்க வேண்டும், இரண்டிலும் அநியாயம் நடந்திருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவதைப் பற்றி அவரே அதிகம் பேசவில்லை. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அவர்கள் கேட்டது அந்த மூன்றாவது விதியைத்தான்.

செங்கல்பட்டில் ஒன்றாக இருந்த பட்டியல் பிறகு துண்டு துண்டாகப் போனது. பொருளாதாரத் துண்டு ராஜாஜியிடம் போய்ச் சேர்ந்தது. 1952இல் முதலமைச்சராக வந்ததும் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். மக்கள் மூச்சுவிட்டார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. மறு ஆண்டே ஆரம்பப் பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். அரிசி மூட்டை எந்த மாவட்டத்துக்கும் போகலாம், வண்ணாரின் பிள்ளை மட்டும் துறையைத் தாண்டக்கூடாது. 1959இல் சுதந்திராக் கட்சி. கூட்டுறவுப் பண்ணை பற்றிய காங்கிரசின் நாகபுரித் தீர்மானத்துக்குப் பதிலடியாக வந்தது. ஜமீன்தார்களும் பழைய சமஸ்தானத்தாரும் கூடினார்கள். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் வைத்த பெயர் இன்றுவரை வாழ்கிறது. எனக்கு அதில் ஒரு சின்ன நினைவு வரும். அவர் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் காதலித்தபோது இரண்டு தகப்பன்மாரும் ஐந்து வருஷம் பிரிந்திருக்கச் சொன்னார்கள். இருந்தார்கள்; 1933இல் பூனாவில் கல்யாணம் நடந்தது. சாதி கடந்த மணம் என்ற வகையில் பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனாலும் பெர்மிட் ராஜ்யம் டெல்லியில் மட்டுமா இருந்தது?

உறவுத் துண்டு சுயமரியாதைக்காரர்களிடம் நின்றது. 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம், ஆயிரக்கணக்கில் நடந்தும், சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் அப்படியே தீர்ப்பளித்தது. பெரியாரே 1949இல் மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது இயக்கத்துக்கும் சொத்துக்கும் வாரிசு என்பதுதான் அவர் சொன்ன காரணம். கட்சி உடைந்தது வேறு கதை. சடங்கை உதறலாம், வாரிசுச் சட்டத்தை உதற முடியாது என்பதை நாம் இதிலிருந்து கவனிக்க வேண்டும். 1967 தேர்தலில் அண்ணாவும் ராஜாஜியும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த ஆண்டே அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. முன்பு நடந்தவையும் செல்லும் என்றது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம், இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். உலகத்துச் சட்டப் புத்தகங்களில் இவ்வளவு எளிய திருமணம் அதிகம் இருக்காது. அதற்கும் 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு முட்டுக்கட்டை போட்டது: வக்கீல் அறையில் ரகசியமாக நடந்தால் செல்லாது, ஊரறிய நடக்க வேண்டும் என்று. ஊர் அறிந்தால் வெட்டுவார்கள் என்பதால்தானே அவர்கள் வக்கீலைத் தேடி ஓடிவந்தார்கள்? 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை நீக்கி, பகிரங்க அறிவிப்பு தேவையில்லை என்றது.

இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்த ஒரு தமிழ்நாட்டுக்காரர் உண்டு. அவர் தமிழ்நாட்டில் வாழ முடியவில்லை. எம்.பி.டி. ஆச்சார்யா, 1887இல் சென்னையில் மண்டயம் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். ராஜாஜி, பெரியார் இருவருக்கும் எட்டொன்பது வயது இளையவர். 1908இல் நாட்டை விட்டுப் போனவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதன் தலைவர், எம்.என். ராயோடு முரண்பட்டு வெளியேறி, பெர்லினில் அனார்க்கிஸ்ட் ஆனார். மாக்தா நாஹ்மன் என்ற ருஷ்ய ஓவியரோடு சேர்ந்து வாழ்ந்தார். 1930களின் நடுவில் பம்பாய் திரும்பினார்; மாக்தா 1951இல் இறந்தார், இவர் 1954இல், வறுமையில். அனார்க்கிஸ்ட் என்பதை நாம் 'அராஜகவாதி' என்று மொழிபெயர்த்தோம். அராஜகம் என்றால் நம் பேச்சில் ரவுடித்தனம். அப்புறம் யார் படிப்பார்கள்? அவர் பம்பாயில் எழுதிவந்த வட்டம் லோட்வாலா என்ற பத்திரிகை முதலாளியின் நிறுவனத்தைச் சுற்றி இருந்தது. 1947இல் அந்த நிறுவனம் 'லிபர்டேரியன் சோஷலிஸ்ட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1950களின் பிற்பகுதியில் அதே வட்டத்திலிருந்து வந்த 'இந்தியன் லிபர்டேரியன்' பத்திரிகை தடையற்ற பொருளாதாரத்துக்காக வாதாடியது. சோஷலிஸ்ட் என்பது எங்கோ உதிர்ந்துவிட்டது. அமெரிக்காவில் அந்தச் சொல் கைமாறிய அதே பத்தாண்டில் இங்கேயும் கைமாறியிருக்கிறது.

சொத்துத் தீர்மானம்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களைத் தவிர்த்து. செங்கல்பட்டுக்கும் அதற்கும் 60 ஆண்டு இடைவெளி. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கு இல்லாமல் வந்தது. 2020இல் உச்சநீதிமன்றம், தகப்பன் இருந்தாலும் இறந்தாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்றது.

இதற்கிடையில் எங்கள் பகுதியில் நிலம் தங்கமாகிவிட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு வந்தது (2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போயும் விட்டது), பரனூர்ப் பக்கம் 2002இல் மகிந்திரா சிட்டி வந்தது. ஏரிப் பாசன நிலமெல்லாம் கல் நட்டுக் கொடி கட்டி மனைப்பிரிவு. வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது, மகள்கள் கையெழுத்து எங்கே என்பதுதான். சட்டம் வந்ததால் மகளுக்கு வந்த மரியாதை இது: கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார்கள். அவள் தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணத்துக்குப் பத்திரப் பதிவில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்.

அதன் வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். சுயபுத்தியோடும் பூரண சம்மதத்தோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுத்தது. எந்த லிபர்டேரியனும் இதைவிடச் சுத்தமான சம்மதத்தை எழுத முடியாது. எனக்குப் பழக்கமான பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் கேட்டேன், யாராவது அழுதிருக்கிறார்களா என்று. "அழுவுறதெல்லாம் இல்ல சார். சிரிச்சிக்கிட்டேதான் வருவாங்க. புதுப் புடவ எடுத்துக் குடுத்துக் கார்ல கூட்டியாருவாங்க. பிரியாணி வாங்கிக் குடுத்துக் கொண்டுபோயி விட்டுருவாங்க." அப்படிக் கையெழுத்துப் போட்ட ஓர் அம்மா என்னிடம் சொன்னது: "கோர்ட்டுக்குப் போனா பங்கு கெடைக்கும், அது தெரியாமயா இருக்கேன்? நாளைக்கு எம்மாப்ள அடிச்சித் தொரத்துனா எம்பொண்ணு எங்கிட்ட வருவா. என்ன தொரத்துனா நான் எங்க போறது? பொறந்த வீடு வேணுமில்ல."

1891இல் மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருந்தவருக்கும் இவருக்கும் இடையில் எத்தனையோ வேறுபாடு. சாதி வேறு, வசதி வேறு. இவர் அண்ணன் மிராசு பரம்பரையாகக்கூட இருக்கலாம். மறுத்தால் தங்குமிடம் போகும் என்ற கணக்கு மட்டும் ஒன்றே. அந்தக் கணக்கு பத்திரத்தில் எந்த வரியிலும் எழுதப்படுவதில்லை.

எல்லோரும் போட்டுவிடுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூன்று பெண்களில் இளையவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, கணவரைப் பிரிந்து, வாடகை வீட்டில் இருப்பவர். அக்காக்கள் பேசுவதில்லை. பொங்கல் சீர் நின்று இரண்டு வருஷமாகிறது. அண்ணன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இவர் பாகப்பிரிவினை கேட்டுச் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. விளம்பரப் பலகை சாய்ந்துவிட்டது, நட்ட கல்லெல்லாம் அப்படியே நிற்கிறது, நடுவில் யாரோ ஆடு மேய்க்கிறார்கள்.