தீவுக் காவல் பிறந்த கதை

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் தன்னந்தனியாக நிற்கிறது ஒரு தீவு. 1643 டிசம்பர் 25 அன்று அவ்வழியே போன கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ், அன்றைய நாளின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டுப் போனார்: கிறிஸ்துமஸ் தீவு. சுற்றிலும் செங்குத்தான பாறைக் கரை. குடிமக்கள் யாரும் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எந்த அரசும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை. 1887-இல் ஒரு கல் வந்து எல்லாவற்றையும் மாற்றியது.

அந்த ஆண்டு பிரிட்டிஷ் அளவைக் கப்பல்கள் தீவிலிருந்து கொண்டுபோன பாறைத் துண்டுகள், ஜான் மர்ரே என்ற விஞ்ஞானியின் கைக்குப் போயின. சோதித்தவர் திகைத்துப்போனார். ஏறக்குறையத் தூய பாஸ்பேட்! உரத்துக்காக உலகமே தேடிக்கொண்டிருந்த பொருள். 1888 ஜூனில் தீவு பிரிட்டனுக்குச் சொந்தமானது. 1897-இல் அந்தப் பாஸ்பேட்டை வெட்டி எடுக்க ஒரு கம்பெனியும் பிறந்தது. வெட்டத்தான் ஆள் இல்லை.

முதலில் சுமார் 200 சீனக் கூலிகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். மேலே எட்டு ஐரோப்பிய அதிகாரிகள். கூடவே ஐந்து சீக்கியப் போலீஸ்காரர்கள். ஆளில்லாத தீவைத் தாக்க எந்தப் பகைவனும் வரப்போவதில்லை. கம்பெனிக்காகக் கூலிகளைக் கட்டுக்குள் வைக்க வந்த காவல் அது. ஆனால் கூலிகளைக் கொன்றது வேறொன்று. தீட்டிய வெள்ளை அரிசியே உணவாகிப்போனதால் பெரிபெரி நோய் கண்டு, கால் வீங்கி, நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். இத்தனைக்கும், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதே போன்ற நோய் வருவதை, வடக்கே ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் 1890-களிலேயே கண்டிருந்தார். துப்பாக்கி கூலியைக் காவல் காத்தது; அவன் உயிரைக் காக்க யாரும் இல்லை. இப்படியே நாற்பது ஆண்டுகள் போயின. பிறகு உண்மையான பகைவனே வந்தான்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய பின் துறைமுகத்தை ஒட்டிய ஸ்மித் முனையில் ஆறு அங்குலப் பீரங்கி ஒன்று ஏறியது. அதை இயக்க இந்திய வீரர்கள். அவர்களுக்கு மேலே கேப்டன் வில்லியம்ஸும் நான்கு பிரிட்டிஷ் சிப்பாய்களும். 1942 மார்ச் 7 அன்று ஜப்பானியப் போர்க்கப்பல்கள் தீவைச் சுட்டன. வெள்ளைக் கொடி ஏறியது. ஆனால் அதிசயம், கப்பல்கள் ஆள் இறக்காமலே திரும்பிவிட்டன! தீவில் நிம்மதி மூன்று நாள்தான் நீடித்தது.

மார்ச் 10 இரவு இந்திய வீரர்கள் கிளர்ந்தெழுந்து, ஐந்து பிரிட்டிஷ்காரர்களையும் சுட்டுக் கொன்று, உடல்களைக் கடலில் தள்ளினார்கள். தீவின் சீக்கியப் போலீசார் தடுக்கவில்லை. மார்ச் 31 அன்று இறங்கிய ஜப்பானியப் படையை எதிர்த்து ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

போருக்குப் பின் கிளர்ச்சியாளர்களில் பிடிபட்டவர்கள் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டார்கள். ஐவருக்கு விதித்த மரண தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. 1958-இல் தீவு ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறியது. இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஸ்மித் முனைப் பீரங்கி, அதே பீரங்கிதான். அதன் வரலாற்றை 1942-இலிருந்து தொடங்குவது நியாயமே இல்லை. அந்த ஐந்து சீக்கியப் போலீஸ்காரர்களிலிருந்தும், அவர்கள் கண்முன்னே மடிந்த கூலிகளிலிருந்தும்தான் தொடங்க வேண்டும்.