சர்ப்பகந்தி: ஒரு வேரின் வரலாறு

தில்லி மாநகரில் வாழும் தமிழரில் கரோல் பாக்கை அறியாதார் அரியர். புழுங்கலரிசியும் காப்பிக்கொட்டையும் வாங்கவும், நம்மவர் முகம் காணவும் பல்லாண்டுகளாக நாம் நாடிச் சென்ற பகுதி அது. அப்பகுதியில் திப்பியாக் கல்லூரி என்றொரு பழங்கல்லூரி உண்டு. 1916-ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1921-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தார். ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பெற வேண்டும் என விழைந்த ஹக்கீம் அஜ்மல்கானின் கனவு அது.

அக்கல்லூரியில் நடந்த ஓர் ஆராய்ச்சி, உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றிய வரலாறு ஒன்றின் முக்கியமான கண்ணியாகும். அவ்வரலாற்றின் பிற கண்ணிகள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் உள்ளன. பிழைப்பு நாடித் தமிழர் பரவிய மூன்று பெருநகரங்களும் ஒரு கசப்பு வேரால் இணைந்த கதை இது. சர்ப்பகந்தி என்பது அவ்வேரின் பெயர். அக்கதையைக் கூறுமுன், பொருள்களின் குணத்தை நம் முன்னோர் ஆராய்ந்த முறையைச் சிறிது அறிந்துகொள்வது இன்றியமையாதது.

பொருட்குணக் கொள்கை

உலகில் மருந்தாகாத பொருள் எதுவும் இல்லை என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. அப்பொருள் எந்நோய்க்கு, எவ்வளவில், எம்முறையில் ஏற்கும் என்பதை அறிவதே மருத்துவன் கடன். இவ்வறிவைத் 'திரவிய குணம்' என்றனர். சுவை, குணம், வீரியம், விபாகம், பிரபாவம் என ஐந்து வாயில்களால் ஒரு பொருளை அவர்கள் ஆராய்ந்தனர். நம் சித்த மருத்துவ நூல்களும் சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை என இவ்வைந்தையே பேசுவதால் தமிழர்க்கு இக்கொள்கை புதிதன்று.

நாவில் பட்டவுடன் அறிவது சுவை. அஃது ஆறு வகை. கனம், இலேசு, குளிர்ச்சி, வெம்மை, நெய்ப்பு, வறட்சி முதலியன குணங்கள்; அவை இருபது. உடலில் தட்பம் செய்வதோ வெப்பம் செய்வதோ வீரியம். செரித்து முடிந்தபின் நிற்கும் தன்மை விபாகம். திப்பிலி நாவிற்குக் காரமாயினும் செரித்தபின் இனிப்பின் செயலையே செய்யும் என்பர். நெல்லிக்கனி புளிப்புடையது, புளிப்பு பொதுவாக வெம்மை தருவது, ஆயினும் நெல்லி குளிர்ச்சி செய்வது என வகுத்தனர். நாவை மட்டும் நம்பி மருந்தைத் துணியக்கூடாது என்பதற்கு இவை சான்றுகள்.

இவற்றுள் ஐந்தாவதான பிரபாவமே நம் கதைக்கு உயிரானது. சித்திரமூலமும் நாகதந்தியும் சுவையால் ஒத்தவை; வீரியத்தாலும் விபாகத்தாலும் ஒத்தவை. எனினும் நாகதந்தி பேதியாக்கும், சித்திரமூலம் ஆக்காது. ஏன்? சரகர் இதற்குக் காரணம் கற்பிக்க முயலவில்லை. சிந்தனைக்கு எட்டாத தனியாற்றல் அது என்று சொல்லி, அதற்குப் பிரபாவம் எனப் பெயரிட்டு விட்டார். கண்கண்ட செயலைக் கொள்கைக்கு ஒவ்வாதென்று தள்ளிவிடாமல், கொள்கையின் எல்லை இதுவென ஒப்புக்கொண்ட நேர்மை இது.

இக்கொள்கை ஒருவர் வாக்காக வந்ததும் அன்று. சரக சம்ஹிதையின் சூத்திரத்தானத்து 26-ஆம் அத்தியாயம் ஒரு பேரவையின் வாதத்தோடு தொடங்குகிறது. சுவை ஒன்றே என்கிறார் பத்திரகாப்பியர். எண்ணிறந்தது என்கிறார் பால்ஹிக நாட்டுக் காங்காயனர். ஒவ்வொருவர் கூற்றையும் கேட்டபின்னரே ஆத்திரேயர் ஆறு என முடிவு செய்கிறார்.

பித்தரின் மருந்து

சர்ப்பகந்தி முழந்தாள் உயரமே வளரும் சிறு செடி. இமயத்தின் அடிவாரம், பீகார், வங்கம், அசாம், மேற்குத் தொடர்ச்சி மலை ஆகிய இடங்களில் மரநிழலில் விளைவது. மலையாளத்தார் அமல்பொரி என்பர். பழைய நூல்களில் வரும் சர்ப்பகந்தா இச்செடிதானா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மக்கள் வழக்கில் ஐயமே இல்லை. பீகாரில் இவ்வேர் 'பாகல் கீ தவா' என்ற பெயராலேயே விற்கப்பட்டது. பித்தர்க்கு மருந்து என்பது அதன் பொருள்.

இவ்வேர் கசப்பும் வறட்சியும் உடையது, வீரியம் வெப்பம், விபாகம் காரம். கணக்கின்படி இத்தகைய பொருள் உறக்கத்தைக் குறைக்க வேண்டும். இதுவோ உறக்கத்தைத் தருகிறது! ஆகவே திரவியகுண ஆசிரியர்கள் உறக்கம் தருதலை இதன் பிரபாவம் என்று எழுதினர்.

மூன்று நகரங்கள்

1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் இவ்வேரைப் பற்றி ஓர் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினர். சேன், கவிராசரும் மேனாட்டு மருத்துவம் பயின்றவரும் ஆவார். வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் வரை நாளைக்கு இருமுறை கொடுத்தபோது வெறி தணிந்ததையும், உறக்கம் வந்ததையும், இரத்த அழுத்தம் இறங்கியதையும் அவர்கள் பதிவு செய்தனர். மக்கள் அறிந்திருந்த குணம் ஒன்று; மருத்துவர் கண்ட குணம் இரண்டாயிற்று.

அதே ஆண்டில் தில்லித் திப்பியாக் கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசேன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து ஐந்து படிகப் பொருள்களைப் பிரித்தெடுத்தனர். இவ்வாராய்ச்சிக்கு வித்திட்ட ஹக்கீம் அஜ்மல்கான் 1927-இலேயே மறைந்துவிட்டார். ஆசானின் நினைவாக முதற்பொருளுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டனர். 1933-இல் கல்கத்தாவில் இராம்நாத் சோப்ராவும் அவர்தம் தோழர்களும் விலங்குகளிடத்துச் சோதித்து, இரத்த அழுத்தம் இறங்குவதை உறுதி செய்தனர்.

இங்கேதான் ஒரு விந்தை நேர்ந்தது. அழகிய படிகங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் உறக்கம் தரும் ஆற்றல் அவற்றில் இல்லை. அவ்வாற்றல், படிகங்களை எடுத்தபின் எஞ்சிய பிசின் பகுதியில் இருந்ததை 1944-இல் கல்கத்தா ஆய்வாளர்கள் காட்டினர். பிரித்தறிந்தவர் கண்ணுக்கு முதலில் தென்பட்டது ஒன்று. பீகார் மக்கள் நாடிய குணம் உறைந்திருந்தது வேறொன்றில்.

1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல், இரத்தக் கொதிப்புடைய 50 நோயாளரிடத்து இவ்வேரின் பயனை ஆராய்ந்து பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் அதன்பின்னரே திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மியூலர், ஷ்லிட்லர், பைன் என்னும் மூவர் அப்பிசினிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தனர். வேர்ப்பொடி கிராம் கணக்கில் கொடுக்கப்பட்டது. ரெசர்பினோ ஒரு மில்லிகிராமின் நாலிலொரு பங்கே ஒரு நாளைக்குப் போதுமானதாயிற்று. 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் இதனை மனநோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டார். வகீலுக்கும் கிளைனுக்கும் 1957-இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

பிரபாவம் விளங்கியது

சிந்தனைக்கு எட்டாதது என்று விடப்பட்டதன் காரணம் 1955-இல் ஓரளவு விளங்கிற்று. நரம்புகள் தம்முள் சேமித்து வைத்திருக்கும் செய்திப்பொருள்களை ரெசர்பின் வெறுமையாக்கி விடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளைச் செலுத்தி மீண்டும் நடமாடச் செய்தார். நடுக்குவாத நோய்க்கு இன்று வழங்கும் மருத்துவம் அங்கிருந்து கிளைத்தது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அஜ்மலினும் வீண்போகவில்லை, இதயத் துடிப்பின் ஒருவகைக் கோளாற்றைக் கண்டறிய அது மருத்துவமனைகளில் பயன்பட்டு வருகிறது.

புகழுக்கு ஓர் மறுபக்கமும் உண்டு. ரெசர்பின் உண்டோரிற் சிலர்க்கு மூக்கடைப்பும், வயிற்றுப் புண்ணும், கடும் மனச்சோர்வும் உண்டாவதாகச் செய்திகள் வந்தன. மனச்சோர்வுக்கு அதுவே காரணமா என்பது பின்னர் வாதத்திற்கு உட்பட்டதாயினும் அச்சம் நீங்கவில்லை. புதிய மருந்துகள் வந்தபின் அதன் வழக்கு பெரிதும் குன்றிற்று. முறையாகக் கையாண்டால் நஞ்சும் மருந்தாகும், முறை தவறினால் மருந்தும் நஞ்சாகும் என்று சரகர் கூறியது இங்கும் மெய்யாயிற்று.

செடிக்கும் கேடு விளைந்தது. மருந்து வேரில் இருப்பதால் செடியையே அகழ்ந்தெடுத்தனர். காடுகளில் அது அருகிற்று. 1990-இல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டிற்குரிய உயிரினங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. இச்செடிக்கு அறிவியலார் வழங்கும் பெயரோ ராவுல்ஃபியா. 16-ஆம் நூற்றாண்டில் பாக்தாது வரை வந்து திரும்பிய ஜெர்மானிய மருத்துவர் ராவுல்ஃபின் நினைவாக இடப்பட்டது அது. அவர் இந்திய மண்ணை மிதித்தவரே அல்லர். இச்செடியின் குணத்தை நோயாளியின் அருகிருந்து கண்டறிந்த பீகாரத்து நாட்டு மருத்துவர் எவர் பெயரும் எங்கும் இல்லை.

நாம் கொள்ள வேண்டுவது

எல்லாம் முன்னோர்க்குத் தெரியும் என்று தருக்குவோரும், எல்லாம் மூடப்பழக்கம் என்று இகழ்வோரும் நம்மிடையே உளர். இவ்வேரின் வரலாறு இருவரையும் மறுக்கின்றது. மக்கள் அனுபவம் இல்லையேல் ஆய்வாளர் இவ்வேரைத் தேடியிருக்க மாட்டார். ஆய்வு இல்லையேல், அதன் குணம் எத்துணை, தீங்கு எத்துணை என்பது அளந்தறியப்பட்டிராது. வேர்தானே, தீங்கு செய்யாது என எண்ணி மருத்துவர் துணையின்றி இதனை உண்பது பெரும்பிழை என்பதையும் இவ்வரலாறே கற்பிக்கின்றது.

காரணம் தெரியாதபோது தெரியாது என்று எழுதி வைத்த சரகர் மரபும், தெரியும் வரை ஓயாத தில்லி, கல்கத்தா, பம்பாய் ஆய்வாளர் மரபும் ஒரே மரபின் இரு கிளைகள். கரோல் பாக் வழியே அடுத்த முறை செல்லும்போது அப்பழங்கல்லூரியின் வாயிலில் ஒரு கணம் நின்று, உடன் வரும் பிள்ளைகளுக்கு இவ்வேரின் கதையைச் சொல்லுங்கள். அவ்வாராய்ச்சி நடந்த ஊரில் வாழும் நாம் செய்யத்தக்க எளிய கடமை அது.