ஆவ் 9: யூத நோன்பொன்றின் நாளும் நினைவும்

யூதர்தம் ஆண்டு நோன்புகளுள் யோம் கிப்பூர் தோரா விதித்தது. நான்கு நோன்புகளோ பாபிலோனியரால் எருசலேம் வீழ்ந்ததையொட்டி எழுந்தவை. ஆலயம் மீண்டும் கட்டப்பட்டுவந்த கி.மு. 518இல், ஐந்தாம் மாத நோன்பு இனியும் வேண்டுமா என மக்கள் வினவியதைச் சகரியா நூல் பதிவுசெய்கிறது. நோன்புகள் மகிழ்ச்சித் திருநாள்களாகும் என்பது அந்நூல் தரும் விடை. கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் ஆலயத்தை அழித்தமையால் துயரமே நிலைத்தது.

முதல் ஆலயம் எரிந்த நாளை இரண்டாம் அரசர்கள் நூல் ஐந்தாம் மாதம் 7 என்றும், எரேமியா நூல் 10 என்றும் குறிக்கின்றன. மிஷ்னாவோ இரு ஆலயங்களின் அழிவையும் ஆவ் 9இல் வைக்கிறது. 7இல் புகுந்த பகைவர் 9ஆம் நாள் மாலை தீயிட, 10இலும் எரிந்தது எனத் தால்முது இம்முரணை இயைக்கிறது. எனவே ஆவ் 9, நிகழ்வின் தேதி என்பதினும், ஈரிழப்பையும் ஒன்றாக நினைக்கச் சமூகம் வகுத்த நாள் எனக் கொள்வதே பொருந்தும்.