தளபதியும் கேலிச்சித்திரக்காரரும்



படைமுகாமில் பயிற்சி பெற்ற ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால், அவர் அங்கே பட்ட பாட்டைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போர்க்களத்தைப்பற்றி வாய் திறக்காத மனிதர்கூட, முகம் தெரியுமளவுக்குக் காலணியைத் துடைக்கச் சொன்ன ஹவில்தாரைப்பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். சொல்லும்போதே சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மேலதிகாரி அஞ்சவேண்டுமா? இரண்டாம் உலகப்போரின்போது புகழ்பெற்ற தளபதி ஒருவரும் 23 வயதுச் சார்ஜன்ட் ஒருவரும் இந்தக் கேள்வியின்பேரில் எதிரெதிரே அமர நேர்ந்தது. அந்த வரலாற்றையே இந்த வாரம் உங்கள்முன் வைக்கிறேன்.

1940-ஆம் ஆண்டில் அமெரிக்கா கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இளைஞர்கள் முகாம்களில் வந்து குவிந்தார்கள்; அவர்கள் கையில் கொடுக்க ஆயுதம் போதவில்லை. துடைப்பக்கட்டை துப்பாக்கி ஆயிற்று. லாரியின் பக்கவாட்டில் 'டாங்கி' என்று எழுதி ஒட்டினார்கள். அன்றுமுதல் அது டாங்கி. 1941-இல் லூசியானா மாநிலத்தில் நடந்த மாபெரும் போர்ப்பயிற்சியில் விமானங்கள் மாவு மூட்டைகளையே குண்டுகளாகப் போட்டன. ஆயுதத்துக்குத்தான் பஞ்சம், விதிகளுக்கு இல்லை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் தண்டனை; தண்டனை பெரும்பாலும் சமையற்கூடத்தில் மலைபோல் குவிந்திருக்கும் உருளைக்கிழங்கைத் தோல் சீவுவது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு மாதம் 21 டாலர் சம்பளம். சிரிக்காமல் அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்?

அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 1921-இல் பிறந்த பில் மால்டின். 45-ஆம் டிவிஷனில் சேர்ந்த அவர், பயிற்சிக் காலத்திலேயே டிவிஷனின் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரையத் தொடங்கினார். பிறகு சிசிலியிலும் இத்தாலியிலும் போர்முனைக்குச் சென்றார், காயமும் பட்டார். படையினருக்காகப் படையே நடத்திய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' நாளிதழில் அவருடைய வில்லி, ஜோ என்னும் இரண்டு சிப்பாய்கள் நிலையாக இடம்பெற்றார்கள். முகம் மழிக்காதவர்கள், சேறு காயாத உடை, கண்ணுக்குக் கீழே தூக்கமின்மையின் கருவளையம். அவருடைய படங்களில் ஒன்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் பேச்சே இல்லை. அச்சு முறிந்து சாய்ந்த ஜீப் ஒன்றின்முன் குதிரைப்படையில் வளர்ந்த முதிய சார்ஜன்ட் நிற்கிறார். கால் முறிந்த குதிரையை வேதனை தீரச் சுட்டுவிடுவது குதிரைப்படையின் வழக்கம். அவரும் ஒரு கையால் கண்களை மூடிக்கொண்டு, மறு கையால் ஜீப்பை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறார். பழகிய விதி, அதற்குரிய குதிரை மறைந்த பின்னும் மனிதனை விடாமல் பற்றியிருப்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படத்தை நான் கண்டதில்லை.

இனித் தளபதியைப்பற்றிச் சொல்லவேண்டும். 1943 பிப்ரவரியில் துனிசியாவின் காசரீன் கணவாயில் அமெரிக்கப் படை ஜெர்மானியரிடம் பலத்த அடி வாங்கியது. அடுத்த மாதமே ஜார்ஜ் பேட்டன் அங்கிருந்த இரண்டாம் கோர் படையின் பொறுப்பேற்றார். அவருடைய முதல் நடவடிக்கைகளில் ஒன்று உடை ஒழுங்கு. எல்லாரும் எந்நேரமும் இரும்புத் தலைச்சீரா அணியவேண்டும். கழுத்தில் டை, காலில் உறை. லாரிக்கு அடியில் படுத்துப் பழுதுபார்ப்பவனுக்கும் மருத்துவக் கூடாரத்துத் தாதிக்கும் இதே சட்டம். மீறினால் அபராதம், சிப்பாய்க்கு அது 25 டாலர்வரை போகும். அப்போது சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 50 டாலர். குண்டு விழும் பாலைவனத்தில் டை கட்டாததற்காகப் பாதிச் சம்பளத்தை இழந்தவனின் மனநிலையை எண்ணிப்பாருங்கள்.

ஆயினும் பேட்டனை வெறும் கோமாளியாக்கிவிட நான் ஆயத்தமாக இல்லை. சிறிய கட்டளைக்குக் கீழ்ப்படியாதவன் பெரிய கட்டளை வரும்போதும் தயங்குவான், தயங்கினால் சாவான் என்பது அவருடைய நம்பிக்கை. தோற்றுத் துவண்ட படையை அவர் நிமிர்த்தியது உண்மை. 1944 டிசம்பரில் கடும் பனியில் தம் மூன்றாம் படையைச் சில நாட்களுக்குள் வடக்கே திருப்பி, பாஸ்டோன் நகரில் முற்றுகையிடப்பட்டிருந்தவர்களை மீட்டவரும் அவரே. அவருடைய பிழை வேறிடத்தில் இருந்தது: சிரிக்கிறவன் கீழ்ப்படியமாட்டான் என்று அவர் எண்ணினார்.

மால்டின் அவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு படத்தில் வில்லியும் ஜோவும் ஜீப்பில் வந்து, மூன்றாம் படையின் எல்லையில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகையின்முன் நிற்கிறார்கள். தொப்பி இல்லையா, முகம் மழிக்கவில்லையா, பொத்தான் இல்லையா, டை இல்லையா, ஒவ்வொன்றுக்கும் அபராதத் தொகை அதில் எழுதியிருக்கிறது. ஆயிரம் மைல் சுற்றிப் போகப்போவதால் வந்துசேரத் தாமதமாகும் என்று அதிகாரிக்குச் செய்தி அனுப்பச் சொல்கிறார்கள்!

பேட்டன் கொதித்தார். இப்படங்கள் கலகத்தைத் தூண்டுகின்றன, இந்தப் பத்திரிகையை என் படைக்குள் விடமாட்டேன் என்றார். ஐசனோவரின் தலைமையகத்தார் இருவரும் நேரில் சந்திக்க ஏற்பாடு செய்தார்கள். 1945-இன் தொடக்கத்தில் லக்சம்பர்க்கில் பேட்டன் தங்கியிருந்த மாளிகைக்கு மால்டின் சென்றார். தளபதியின் அருகே அவருடைய நாய் அமர்ந்திருந்தது. அதன் பெயரும் வில்லி! தளபதி படங்களை எடுத்துப்போட்டு நெடுநேரம் கண்டித்தார். சார்ஜன்டுக்கும் பேச வாய்ப்புக் கிடைத்தது. சிப்பாய்க்கு மனக்குறைகள் உண்டு. தன் குறையை இன்னொருவனும் உணர்ந்திருக்கிறான் என்று பத்திரிகையில் காணும்போது அவன் பாரம் இறங்குகிறது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போகிறான் என்பதே அவர் சொன்னதன் சாரம். இருவரில் ஒருவர் மனமும் மாறவில்லை.

முடிவு ஐசனோவரின் கையில் இருந்தது. பத்திரிகையின் விஷயத்தில் அதிகாரிகள் தலையிடலாகாது என்பது அவருடைய நிலை; அதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. வில்லியும் ஜோவும் தாடியோடும் சேற்றோடும் போர் முடியும்வரை வெளிவந்தார்கள். பேட்டன் அஞ்சிய கலகம் எங்கும் எழவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் மறுநாள் முன்னேறச் சொன்னபோது முன்னேறினார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

அதே 1945-இல் மால்டினுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மனியில் கார் விபத்தில் காயமுற்ற பேட்டன் மரித்து, லக்சம்பர்க்கிலேயே, தம் படைவீரர்களின் கல்லறைகளுக்கு நடுவில் அடக்கம்பண்ணப்பட்டார்.

மால்டின் நெடுங்காலம் வாழ்ந்தார். 2002-இல் கலிபோர்னியாவின் பராமரிப்பு இல்லம் ஒன்றில் மறதிநோயால் நினைவு தப்பிக் கிடந்தார். செய்தித்தாளில் அதைப் படித்த முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். நேரிலும் வந்தார்கள்; எண்பதை எட்டிய கிழவர்கள், தங்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு, ஒருவர்பின் ஒருவராக அவர் கட்டிலருகே அமர்ந்து, பதுங்குகுழியில் தங்களைச் சிரிக்கவைத்த படங்களைப்பற்றி அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.