தேசவழமை

தேசவழமை, இலங்கையின் வடபகுதித் தமிழரின் திருமணச் சொத்தையும் வாரிசுரிமையையும் ஆளும் வழக்காற்றுச் சட்டம். வடபகுதியை நிரந்தர ஊராகக் கொண்ட தமிழர் கொழும்பில் தங்கியிருந்தாலும் இது அவரைத் தொடர்கிறது. மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது.

இதை எழுத்தில் வடித்தவர்கள் ஒல்லாந்தர். ஆளுநர் சைமன்ஸ் பணித்தபடி யாழ்ப்பாணத் திசாவை (நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் திரட்டி 1707இல் ஒப்படைத்தார். தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் படித்து ஒப்பியது என்பதே அதன் வலு. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதை உறுதிசெய்தனர்.

பழைய முறையில் சொத்து மூவகை. தகப்பன் வழி வந்த முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாய் கொண்டுவந்த சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, இருவரும் சேர்ந்து ஈட்டிய தேடியதேட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும். போர்த்துக்கேயர் காலத்திலேயே இந்த வரம்பு குலைந்துவிட்டதாக ஐசாக்ஸ் எழுதுகிறார்: பெற்றோர் எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கத் தொடங்கியிருந்தனர். வளவோ வயலோ சீதனமாகப் பெற்றவள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கேட்க முடியாது. எழுதிக்கொடுத்த காணியையும் பத்தாண்டுக்குள் கைப்பற்றி ஆளாவிட்டால் அதுவும் போகும். ஆண்பிள்ளைகள் கலியாணத்துக்கு முன் உழைத்தது குடும்பச் சொத்தோடு சேரும். அவர்கள் தங்கள் பங்கைப் பெறப் பெற்றோர் மறையும்வரை காத்திருக்க வேண்டும். மகளோ மணநாளிலேயே காணிக்காரியானாள். அந்நாளைய பெண்ணுக்கு இது சிறிய பேறல்ல.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் இந்த அமைப்பைப் பெரிதும் மாற்றியது. சீதனம் வாங்கியவளுக்கும் மரபுரிமையில் இடம் கிடைத்தது. 1947இல் தேடியதேட்டத்தின் பொருள் திருத்தப்பட்டது. கணவன் மனைவியரில் ஒருவர் இறந்தால் அவருக்குரிய தேடியதேட்டத்தில் பாதி மற்றவருக்கும் மீதி இறந்தவரின் வாரிசுகளுக்கும் சேரும். காணி வெளியாருக்குப் போகாமல் காக்கும் முன்கொள்வனவு உரிமைக்கும் அதே ஆண்டில் தனிச்சட்டம் வந்தது. விற்கப்படும் காணியை ஈடாகப் பிடித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கு முன்பு இருந்த உரிமை நீங்கி, பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் மட்டுமே அது நின்றது.

1911ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்த குறை ஒன்று பெரிது. மணமான பெண் தன் பெயரில் உறுதியுள்ள காணியை உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடு வைக்கவோ கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதே காணியை மரணசாசனத்தில் யாருக்கும் அவள் எழுதிவைக்கலாம், அதற்குச் சம்மதம் தேவையில்லை. தன் காணியை ஆளும் அறிவு அவளுக்கு உண்டென்று ஓரிடத்தில் ஒப்பும் சட்டம் மற்றோரிடத்தில் அதை மறுப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, காரணமின்றிச் சம்மதிக்க மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். போரில் கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்கள், தாய்வீடு தந்த சீதனக் காணியை விற்கவும் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. இந்தச் சம்மத விதியை நீக்கக் கோரிப் பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்து வருகின்றன.