டிரெய்லர் கூடுதல் வரி (ஜெர்மனி)

ஜெர்மனியில் லாரியின் பின்னால் பூட்டும் டிரெய்லருக்கும் தனி வாகன வரி உண்டு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் ஒவ்வொரு 200 கிலோவுக்கும் 7.46 யூரோ, ஆண்டு உச்சவரம்பு 373.24 யூரோ. சரக்கு நிறுவனங்களிலோ ஒரு டிரெய்லர் சாலையில் ஓடும்போது இன்னொன்று கிடங்கு வாசலில் சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும். நிற்கும் வண்டிக்கும் வரியா? சட்டம் இதற்கு நியாயமான வழி வைத்திருக்கிறது. இழுக்கும் லாரிக்கு ஆண்டுக்கு 373.24 யூரோ கூடுதலாகக் கட்டினால், அது மாற்றி மாற்றி இழுக்கும் டிரெய்லர்களுக்கு விலக்குக் கோரலாம். விலக்குப் பெற்ற டிரெய்லரின் வெள்ளை எண்பலகையில் எழுத்துகள் பச்சையாக இருக்கும். தனி வரி கட்டியதில் கறுப்பு. கூடுதல் வரி கட்டிய லாரிதான் பச்சை எழுத்து டிரெய்லரை இழுக்க வேண்டும். கேரவன்களுக்கு இச்சலுகை கிடையாது. வாகன வரியை 2014 முதல் சுங்கத்துறை வசூலிக்கிறது.