பதிப்பெண்ணும் பொருத்தமும்: பைதான் மொழியின் இருபதிப்பு வரலாறு

ஒரு நூலுக்குப் பதிப்புகள் பல தோன்றுதலும் அவற்றிடையே பாடம் வேறுபடுதலும் தமிழாராய்ச்சியாளர் நன்கறிந்தனவே. ஒரு பதிப்பின் பக்க எண்ணைக் கொண்டு அமைத்த சொல்லடைவு அடுத்த பதிப்புக்குப் பயன்படாது. கணினி மென்பொருளுக்கும் இந்நிலை உண்டு. ஆயின் ஒரு வேறுபாடு ஈண்டு நோக்கத்தக்கது. நூல் பயில்வார் பக்க எண் மாறியிருத்தலைக் கண்டு தாமே திருத்திக்கொள்வர். கணினியோ ஒன்று நின்றுவிடும். அன்றேல் பிழையான விடையை மெய்யான விடைபோலவே தந்துவிடும். ஆதலின், கணினி அமைப்பைக் காக்கும் நிருவாகிக்குப் பதிப்பு வரலாறு இன்றியமையாத அறிவாகின்றது. இதனைப் பைதான் என்னும் நிரல்மொழியின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

பைதான் மொழியை நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ராசம், ஆம்ஸ்டர்டாமில் கணித, கணினி ஆய்வு நிறுவனமொன்றிற் பணியாற்றிய காலத்து உருவாக்கி, 1991இல் வெளியிட்டார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுக் குறியெண் வகுக்க முற்பட்ட யூனிகோடு முறையின் முதற்பதிப்பு வந்ததும் அவ்வாண்டிலேயே. எனவே, தோன்றிய காலத்துப் பைதானுக்கு எழுத்து என்பது பைட்டு என்னும் சிறு சேமிப்பலகே. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்குதலின் இதனாற் குறை தோன்றவில்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த பைதான் 2.0, யூனிகோடுக்கெனத் தனிச் சரவகை ஒன்றைச் சேர்த்தது. பழைய பைட்டு வகையையும் விடவில்லை. இரண்டும் ஒரே நிரலிற் கலந்து வழங்கின. ஆங்கிலம் மட்டும் வருங்காறும் அக்கலப்பு இடர் செய்யவில்லை. பிறமொழி எழுத்தொன்று புகுந்த அளவில் நிரல் பிழைகாட்டி நின்றது.

'தமிழ்' என்னும் சொல்லையே சான்றாகக் கொள்வாம். நம் இலக்கண முறைப்படி இது மூன்றெழுத்துச் சொல். யூ.டி.எப்.-8 முறையில் எழுதிய இச்சொல்லின் நீளத்தை வினவினால், பைதான் 2இன் இயல்பான சரவகை 15 என்று விடை தரும். பைதான் 3 அதனையே 5 என்று கூறும். முன்னது பைட்டுகளை எண்ணுகின்றது. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் அம்முறையில் மூன்று பைட்டு கொள்ளும். பின்னது குறியெண்களை எண்ணுகின்றது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்பன ஐந்து. ஒரே வினாவுக்கு இரு பதிப்பும் இருவேறு விடை தருதலைக் காண்க.

2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பைதான் 3.0, எழுத்து வேறு, பைட்டு வேறு என்று தெளிவாக வரையறுத்தது. பழைய நிரல்களோடு பொருந்தாமை இதனால் நேரும் என்பதை அதனை ஆக்கியோர் அறிந்தே செய்தனர். மாற்றங்கள் எழுத்தோடு நில்லவில்லை. 7ஐ 2ஆல் வகுத்தால் பழைய பதிப்பு 3 என்றது, புதியது 3.5 என்கின்றது. இங்குப் பிழைச்செய்தி யாதும் எழாது. யாம் முன்னர் இரண்டு உரைநடை நூல்களில் தொடருக்குரிய சொற்சராசரியைப் பழைய பதிப்பிற் கணித்தபோது இரண்டும் ஒரே எண்ணாக வந்தன. இருவர் நடையும் இவ்வகையில் ஒத்தன என்று முடிவுசெய்யவும் இருந்தோம். புதிய பதிப்பில் மீண்டும் கணித்த பின்னரே, பின்னம் வெட்டுண்டு போயிருந்ததும் வேறுபாடு உண்டென்பதும் புலனாயின. அவ்வொற்றுமை நூல்களின் இயல்பன்று, பதிப்பின் இயல்பு.

இனி, நிருவாகிக்கு நேர்ந்த இடரை நோக்குவாம். 2014இல் வந்த ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 என்னும் இயங்குதளத்தில், மென்பொருள்களை நிறுவும் 'யம்' என்னும் கருவியே பைதான் 2.7ஐச் சார்ந்திருந்தது. புதுமை விரும்பி 'பைதான்' என்னும் பொதுக்கட்டளையைப் பதிப்பு 3க்குத் திருப்பினால் அக்கருவி இயங்காது போகும். பிழையைத் திருத்தும் வழியே அடைபடும். 2019இல் வந்த எட்டாம் பதிப்பு, இயங்குதளத்தின் தேவைக்கு உரிய பைதானையும் பயனர்க்குரிய பைதானையும் பிரித்து வைத்தது. தளத்தின் பைதானைத் தொடாது, ஒவ்வொரு பணிக்கும் தனிச்சூழல் அமைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அத்தகைய சூழலை அமைக்கும் வசதி 2012இல் வந்த பைதான் 3.3இலேயே உள்ளிணைந்திருந்தது.

வலைத்தளம் அமைக்கப் பயன்படும் ஜாங்கோ என்னும் மென்பொருட் சட்டகத்தின் வரலாறு வேறொரு பாடம் தருகின்றது. 2017 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 1.11, பைதான் 2.7இலும் மூன்றாம் பதிப்புகள் சிலவற்றிலும் இயங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 பைதான் 2ஐ முற்றும் கைவிட்டது. ஆகவே 1.11 இரு கரைகளையும் தொட்ட பாலமாகும். பழைய பைதானிலேயே முதலிற் சட்டகத்தை 1.11க்கு உயர்த்திச் சோதித்தல், அடுத்துச் சட்டகத்தை மாற்றாது பைதானை மட்டும் மாற்றிச் சோதித்தல், அதன்பின்னரே 2.0க்குச் செல்லுதல் என்னும் முறையைக் கைக்கொண்டார்க்குப் பிழை எங்கு நேர்ந்தது என்பது எளிதிற் புலப்பட்டது. இரண்டையும் ஒருங்கே மாற்றினார்க்கு அது புலப்படுதல் அரிது.

பைதான் 2.7இன் ஆதரவு 2015இல் முடிவதாக முதலில் அறிவிக்கப்பட்டது. 2014இல் அக்கெடு 2020க்கு நீட்டப்பட்டது. 2020 சனவரி முதல் நாளோடு ஆதரவு ஓய்ந்து, இறுதி வெளியீடாகிய 2.7.18 அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது. முறிவு தோன்றிய 2008 முதல் எண்ணின், ஏறத்தாழப் பன்னீராண்டுக் காலம் இரு பதிப்பும் அருகருகே வாழ்ந்தன. திருத்தம் நன்றேயாயினும், அதனைச் சார்ந்தோர் அனைவரும் மாறுதற்குக் காலம் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

இதுகாறும் கூறியவற்றால், பதிப்பெண் வெறும் வரிசை எண்ணன்று, எது மாறாது என்பது பற்றிய உறுதிமொழி என்பது போதரும். நிருவாகி ஒவ்வொரு பணியும் எப்பதிப்பைச் சார்ந்தது என்பதை எழுதிவைத்தல் வேண்டும். கணினியாற் கணித்த முடிவை வெளியிடும் தமிழாய்வாளரும், தாம் பயன்படுத்திய நூற்பதிப்பைக் குறித்தல் போலவே மென்பொருட் பதிப்பையும் குறித்தல் கடனாகும். 15 என்றது 5 ஆயிற்று. ஆயினும் 3 இன்னும் ஆகவில்லை. நம் எழுத்தை நம் இலக்கணப்படி எண்ணும் நிரலைத் தனியே சேர்த்தல் வேண்டும். அதனையும் பதிப்பெண் இட்டே வழங்குதல் வேண்டும்.